மூடிய கார்டும் ஆறு பித்தளைப் பாத்திரங்களும்

நடந்தது வரிசையாக:

1. இருபதாயிரம் ரூபாயை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன்.
2. பதினாறு மாதம் ஒரு பில்கூடத் தவறாமல் கட்டினேன்.
3. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தக் கார்டை மூடினேன்.
4. இரண்டு வாரம் கழித்து ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டேன்.
5. இல்லை என்றார்கள்.
6. அப்பா ஜிலேபி வாங்கி வந்தார்.
7. எங்கள் வீட்டுக்கு ஆறு பித்தளைப் பாத்திரங்கள் வந்து சேர்ந்தன.

ஏழும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. கார்டை மூடியதற்கும் பாத்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று அம்மாவிடம் கேட்டால் இன்றைக்கும் அப்பாவைத்தான் கை காட்டுவார். நான் என்னைக் காட்டிக்கொள்கிறேன்.

நான் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்தவள். அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில், தைக்கப் போவதற்கு முன்னால் துணியின் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வீடு மங்கலத்தில். அப்பாவுக்கு எட்டு விசைத்தறி. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடும். அந்த வேனை நம்பித்தான் அப்பா என்னை வேலைக்கே அனுப்பினார்.

அந்த வருடம் புரட்டாசியில் கம்பெனிப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். மங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஆட்கள் குறைந்துவிட்டதால், தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அந்த வழியில் வேன் கிடையாது.

செய்தியை வீட்டில் சொன்னதும் அப்பா தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி சந்தோஷப்பட்டார்.

"அப்பறம் என்ன கண்ணு, வேலைய உட்டுப்போடு. நம்ம தறிக் கணக்கப் பாரு. சம்பளம் நான் தர்றன்."

"எவ்வளவுங்கப்பா தருவீங்க?"

"சோறு போடறனல்லோ."

பஸ்ஸில் போகிறேன் என்றேன். மங்கலத்திலிருந்து டவுனுக்கு ஒன்று, அங்கிருந்து அனுப்பர்பாளையத்துக்கு ஒன்று. ஷிப்மென்ட் நாட்களில் வேலை முடிய எட்டு மணி ஆகும். அந்த நேரத்துக்கும் பஸ் உண்டு. அப்பாவின் சம்மதம்தான் கிடையாது. ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அப்பா சிரித்தார்.

"வாங்கிக்கோ. ஆனா எங்கிட்ட காசும் கேக்கக் கூடாது, கையெழுத்தும் கேக்கக் கூடாது. அப்படி வாங்கீட்டு வந்தீன்னா நான் ஒரு வார்த்தை பேசமாட்டன். வாங்க முடியலீன்னா தறிக் கணக்கு."

"சரிங்கப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பந்தயமா கட்டறீங்க? தோத்தவங்க ஒரு வாரத்துக்குப் பாத்திரம் வெளக்கோணும், சொல்லிப்போட்டேன்."

அப்பா துணிந்து பந்தயம் கட்டியதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் யாரும் எந்தக் கடனும் வாங்கியதில்லை. தறி, மாடி, அக்கா கல்யாணம், எல்லாமே ரொக்கம். அப்பாவின் கையெழுத்தில்லாமல் எனக்கு எவன் கடன் தருவான் என்பது அவர் கணக்கு. என்னிடம் டெபாசிட் கார்டு இருந்தது அவருக்குத் தெரியாது.

அந்தக் கார்டு வந்த கதை சிறியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பளம் கவரில்தான் வந்தது. கவரைப் பார்த்துக் கார்டு தர முடியாது, டெபாசிட் போட்டால் அதைப் பிணையாக வைத்துத் தரலாம் என்றது வங்கி. இருபதாயிரம் போட்டேன், பதினாறாயிரம் ரூபாய் வரம்புள்ள கார்டு வந்தது. மாதம் ஒருமுறை மளிகைக்குத் தேய்ப்பேன், பில் வந்தால் முழுவதையும் கட்டுவேன். ஒழுங்காகக் கட்டுகிற ஆள் என்று எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே போவார்கள், பிற்பாடு கடன் கேட்டால் அதைப் பார்த்து மார்க் போடுவார்கள் என்று படித்திருந்தேன். மார்க் என்றால் எனக்குப் பிடிக்கும்.

பிறகு கம்பெனி, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தது. அந்த வங்கி, டெபாசிட் எதுவும் கேட்காமல் சாதாரணக் கார்டு ஒன்றைத் தானாகவே அனுப்பியது. வரம்பு ஆறாயிரம். அதில் நாலாயிரத்து எண்ணூறுக்கு ஒரு செல்போன் வாங்கினேன். பில் வந்தது. கட்டவேண்டிய கடைசி நாளுக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. கடைசி நாளில் கட்டுவதுதான் என் வழக்கம். முன்னால் கட்டினால் மார்க் கிடையாது, பின்னால் கட்டினால் அபராதம் உண்டு. எனக்கு அதில் ஒரு தெளிவு இருந்தது.

இந்த இடத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு முந்தின நாள் எங்கள் கம்பெனியில் ஊசி முதல் லாரி வரை துடைப்பார்கள். மெஷினில் ஒட்டிய பஞ்சைக் காற்றடித்து எடுப்பார்கள். ஸ்டாஃப் ஆட்களுக்கு வேறொரு சடங்கு உண்டு. முடிந்த ஆர்டர்களின் ஃபைலை எல்லாம் கணக்கு நேர்செய்து, அட்டையில் சிவப்பு மார்க்கரால் "முடிந்தது" என்று எழுதி, சந்தனப் பொட்டு வைத்து அலமாரியில் அடுக்க வேண்டும். பூஜையின்போது ஒருவர் மேசையில் மூடாத ஃபைல் கிடந்தால் மேனேஜர் கற்பூரத்தைப் பார்க்காமல் அதைத்தான் பார்ப்பார். திறந்த ஃபைல் என்றால் ஏதோ ஒரு தகராறு பாக்கி இருக்கிறது என்று பொருள். மூடிய ஃபைல் என்றால் நல்ல பெயர். இரண்டு வருடத்தில் இது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

என் மேசையில் பத்து ஃபைல் மூடினேன். கை அதோடு நிற்கவில்லை. பையிலிருந்த என் சொந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டெபாசிட் கார்டு: இனித் தேவையில்லை, புதுக் கார்டு இருக்கிறது. டெபாசிட்: ஸ்கூட்டருக்கு முன்பணமாகத் தேவை. இரண்டுக்கும் ஒரே விடை. மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போய்க் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பாக்கி ஏதுமில்லை என்று சீட்டு வாங்கினேன். திரும்பி வந்து, நூல் பிசிறு வெட்டுகிற டிரிம்மரால் கார்டை நான்காக வெட்டினேன். பட்டியலில் சிவப்புக் கோடு போட்டேன். அன்றைக்குச் சுண்டலும் பொரியும் தனி ருசியாக இருந்தன.

டெபாசிட் பணம் வந்து சேர ஒரு வாரம். அதற்குள் தீபாவளி ஷிப்மென்ட் நெருக்கடி. பட்டியலில் கடன் விண்ணப்பம் ஷிப்மென்ட்டுக்குக் கீழே இருந்ததால், ஷிப்மென்ட் போன பிறகுதான் ஸ்கூட்டர் கடைக்குப் போனேன். இருபதாயிரம் முன்பணம், மீதி இருபத்திரண்டாயிரம் கடன். கடையின் மூலையில் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் அலுவலர் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், உள்ளூர்க்காரர். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்.

அவர் இல்லை என்று சொன்ன விதம் இப்படி:

"வாங்க மேடம், உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?"

"வேண்டாங்க. கடன் என்னாச்சுங்க?"

"உங்க பேப்பரெல்லாம் ரொம்ப நீட்டா வெச்சிருக்கறீங்க. இந்த மாதிரி யாரும் வெக்கறதில்லீங்க. நம்பர் எல்லாம் போட்டு..."

"நன்றிங்க. எப்ப வண்டி எடுக்கலாம்?"

"அதுதானுங்க... தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு டீயாவது சாப்பிடுங்க."

டீ பாதி குடித்த பிறகுதான் எனக்குக் கடன் மறுக்கப்பட்டிருப்பது புரிந்தது.

காரணம் கேட்டேன். சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சொன்னார். ஸ்கோர் போதவில்லை. மூன்று இலக்க எண் அது, எனக்குக் காட்ட அவருக்கு அனுமதியில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படித்தார். "இப்ப நடப்புல இருக்கற கார்டு ஒண்ணுங்க. லிமிட் ஆறாயிரம். அதுல நாலாயிரத்து எட்நூறு உபயோகம். கையில இருக்கறதுல முக்காலுக்கு மேல செலவு பண்ணீட்டு நிக்கறவங்களப் பாத்தா சிஸ்டம் பயந்துக்குதுங்க."

"அது பில் போட்ட அன்னிக்கு இருந்த பாக்கிங்க. நேத்தே கட்டியாச்சு. நான் ஒரு பைசா பாக்கி வெச்சதில்லை."

"உங்களுக்குத் தெரியுதுங்க, எனக்கும் தெரியுதுங்க. பில் போட்ட அன்னிக்கு இருந்ததுதானுங்க அதுக்குத் தெரியும்."

"பதினாறு மாசம் வேற ஒரு கார்டு ஒழுங்காக் கட்டியிருக்கேனே?"

"அதும் இருக்குதுங்க. நல்லாக் கட்டினது எங்கியும் போயிறாது, பல வருசத்துக்கு அழியாது. ஆனா மூடினதுன்னு போட்டிருக்குது பாருங்க. போன வாரந்தான் பதிவாகியிருக்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய உதவி செய்கிறவர் போலச் சொன்னார்: "உங்கப்பா ஒரு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே குடுத்தர்லாமுங்க."

அது ஒன்றுதான் முடியாது.

வீட்டில் சொன்னேன். அப்பா மறுபடியும் கேட்டார், காது குளிர.

"கடன் குடுக்க மாட்டன்னு சொல்லீட்டானா?"

"ஆமாங்கப்பா."

"நல்ல மனுசன் கண்ணு."

அன்று சாயங்காலம் ஜிலேபி வந்தது. கால் கிலோ. நானும் நான்கு தின்றேன். தோற்றாலும் ஜிலேபி ஜிலேபிதான்.

ஆனால் எனக்குப் புரியாத ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. என் செலவு மாறவில்லை. அதே நாலாயிரத்து எண்ணூறு. கார்டை மூடுவதற்கு முன்பும் அதுதான், பின்பும் அதுதான். நான் கெட்டுப்போக ஒன்றுமே செய்யவில்லை. இருந்தும் எப்படிக் கெட்டேன்?

விடை மறுநாள் என் மேசையிலேயே கிடைத்தது. எங்கள் பிரிவில் துணி ரோலை வெளிச்சப் பெட்டியின் மேல் ஓட்டிப் பார்த்து, ஓட்டைக்கு இத்தனை, கறைக்கு இத்தனை, நூல் விட்டதற்கு இத்தனை என்று புள்ளி போடுவோம். மொத்தப் புள்ளியைத் துணியின் பரப்பளவால் வகுப்போம். வருகிற எண் ஒரு எல்லையைத் தாண்டினால் ரோல் திரும்பிப் போகும். துணி ஓட்டிப் பார்க்கிற அக்கா திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட மூன்று வயது மூத்தவர், முப்பது வயது அதிகமாகப் பேசுவார். அன்று அவர் ஒரு ரோலைத் தட்டிக் காட்டினார்.

"ஏட்டி, இந்த ரோலு நேத்து பாஸு, இன்னிக்கு ஃபெயிலு. நீயே பாரு."

பார்த்தேன். சாம்பிள் பிரிவு ஆள் அந்த ரோலில் மாசு மருவற்ற நல்ல பாதியாகப் பார்த்து வெட்டிக்கொண்டு போயிருந்தார். ஓட்டையும் கறையும் இருந்த பாதி மட்டும் எங்களிடம் மிஞ்சியிருந்தது. நேராகச் சாம்பிள் பிரிவுக்குப் போய் அந்த ஆளைப் பிடித்தேன். அக்கா வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? ஓட்டை ஒண்ணும் புதுசா வரலை. அதே ஓட்டைதான். நீங்க நல்ல துணிய வெட்டி எடுத்துட்டதால மிச்சத் துணி சின்னதாயிடுச்சு. சின்னத் துணில அதே ஓட்டை பெருசாத் தெரியும். இதுகூடத் தெரியாம..."

அங்கேயே நின்றுவிட்டேன்.

"என்னட்டி, ஏசிக்கிட்டு இருக்கும்போதே வாய் நின்னு போச்சு?" என்றார் அக்கா.

மேசைக்கு வந்து ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு கார்டும் இருந்தபோது மொத்த வரம்பு இருபத்திரண்டாயிரம். அதில் நாலாயிரத்து எண்ணூறு என்பது நூற்றுக்கு இருபத்திரண்டு. பதினாறாயிரத்தை நான் டிரிம்மரால் வெட்டிய பிறகு மீதி ஆறாயிரம். அதே நாலாயிரத்து எண்ணூறு இப்போது நூற்றுக்கு எண்பது. வகுத்தல்தான். நாள் முழுதும் நான் செய்கிற அதே வகுத்தல்.

அக்கா காகிதத்தை எட்டிப் பார்த்தார். கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து வெளிச்சப் பெட்டியின் மேல் சாய்ந்துவிட்டார்.

"நல்ல துணிய வெட்டித் தூரப் போட்டுட்டு ஓட்டைய எடுத்துக்கிட்டுப் போயி கடன் கேட்டியா? அதுக்குப் பொட்டு வேற வச்சியா?"

"கார்டுக்கு வைக்கலைக்கா. ஃபைலுக்குத்தான்."

"சாம்பிள்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

கேட்டேன். அவருக்கு எதற்கென்றே புரியவில்லை.

அலுவலரிடம் மறுபடி போய்க் கேட்டதில் இரண்டு விஷயம் தெளிவாயிற்று. மூடிய கார்டைத் திரும்பத் திறக்க முடியாது. ஆனால் ஆறாயிரம் கார்டில் அடுத்த பில் சுத்தமாக வந்தால் ஸ்கோர் மெல்ல ஏறும். அது பதிவேட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மாதம். நடுவில் வேறெங்கும் கடன் கேட்டுப் பார்க்காதீர்கள், கேட்ட ஒவ்வொரு இடமும் அதில் எழுதப்படும் என்றும் சொன்னார். அந்தத் தடவை காப்பியே வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம். வேன் நிற்க ஆறு நாள்தான் இருந்தது.

அம்மா தீர்ப்புச் சொன்னார். "ஏனுங்க, பஸ்ஸுல உடமாட்டேன்னு சொன்னது நீங்கதான? அவ இன்னும் தோக்கலை, ஒன்றரை மாசம் கேக்கறா. அதுவரைக்கும் நீங்களே கொண்டு போயி உடுங்க, கூட்டீட்டு வாங்க."

அப்பா மறுக்கவில்லை. ஒரு வாரத்தில் நானே சலித்து விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார். தீபாவளி முடிந்ததும் அவருடைய மொபெட்டில் போக வர ஆரம்பித்தோம். காலை சரிதான். சாயங்காலம்தான் சிக்கல். ஆறு மணிக்கு முடியும் என்பேன், ஏழரை ஆகும். கம்பெனி வாசலில் செக்யூரிட்டியோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? அப்பா தெருவில் நடக்க ஆரம்பித்தார். அனுப்பர்பாளையத்தில் நடந்தால் இரண்டு பக்கமும் பாத்திரப் பட்டறை. தட்டுகிற சத்தம் தறி ஓட்டுகிறவருக்குத் தாலாட்டு மாதிரி. உள்ளே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா எழுந்து வருவது மரியாதையில்லை என்று நினைத்தார்.

முதல் வாரம் ஒரு சொம்பு. "நல்ல கனம் பாரு சாமி." இரண்டாவது வாரம் இன்னொரு சொம்பு, ஜோடிக்கு. மூன்றாவது வாரம் ஒரு தாம்பாளமும் குத்துவிளக்கும். நான்காவது வாரம் ஒரு தவலை. அதை நான் மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் வந்தேன். டவுன் தாண்டும்வரை பார்த்தவர்கள் எல்லாம் சீர் கொண்டுபோகிறோம் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

ஐந்தாவது வாரம் அண்டா வந்தது. அது மொபெட்டில் ஏறாது என்பதால் டெம்போ பிடித்து அனுப்பியிருந்தார். எங்களுக்கு முன்னாலேயே வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா அதன் பக்கத்தில் நின்றார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

"ஏனுங்க, ஊட்ல இருக்கறது மூணு பேரு. இதுல யாருக்குச் சமைக்கறது?"

"விலை படிஞ்சு வந்துச்சு..."

"இன்னும் ஒரு மாசம் நீங்க அந்தப் பக்கம் போனீங்கன்னா, ஊட்டுக்குள்ள பாத்திரம் இருக்கும், நாம வெளிய இருப்போம்."

அப்பா கை கால் கழுவினார். சாப்பிட்டார். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தக் கடன்காரப் பையன் எப்பத் தர்றானாமா?"

"இன்னும் பதினொரு நாளுங்கப்பா. அப்பறம்தான் மறுபடி கேக்கோணும்."

"பதினொரு நாளா?" முருகன் படம் போட்ட காலண்டரில், நான் வட்டம் போட்டிருந்த தேதியைப் பார்த்தார். "வேண்டாம் சாமி. நானே ஒரு கையெழுத்துப் போட்டுத் தொலைக்கறன். நாளைக்கே வாங்கிப்போடு."

அந்தக் கணம் பந்தயத்தில் நான் ஜெயித்திருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் பட்டியலில் இருந்தது "அப்பா கையெழுத்தில்லாமல்" என்பது.

"வேண்டாங்கப்பா. பதினொரு நாள்தான?"

"அடம் யாரு மாதிரின்னு தெரியலை," என்றார் அப்பா.

"அண்டாவைக் கேளுங்க, சொல்லும்," என்றார் அம்மா.

அந்தப் பதினொரு நாளும் அப்பா செக்யூரிட்டியின் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஷிப்மென்ட் நாளில் எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் பட்டறைப் பக்கம் போய் வந்ததாகச் செக்யூரிட்டி சொன்னார்.

காலண்டரில் வட்டம் போட்ட நாளில் விண்ணப்பம் கொடுத்தேன். மூன்றாவது நாள் அலுவலரிடமிருந்து போன் வந்தது, நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்ச் செல்போனுக்கே.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க..."

செல்போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"...கொஞ்சம் முன்பணம் கூடக் கேக்கறாங்க. இருபத்தஞ்சாயிரம் கட்டினீங்கன்னா மிச்சம் பதினேழு குடுத்தர்றாங்க. ரெண்டு கார்டும் இருந்திருந்தா இருபதே போதும்னிருப்பாங்க."

கூடுதல் ஐயாயிரத்துக்குத் தீபாவளி போனஸ் இருந்தது. அப்படியே எடுத்துக் கட்டினேன். வண்டி எடுக்கிற அன்று அப்பாவும் கடைக்கு வந்தார். எல்லாக் காகிதத்தையும் வாங்கிக் கையெழுத்துப் போடும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கும் தன் பெயர் இல்லை என்று உறுதியான பிறகு, சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மொபெட் கடை வாசலிலேயே நின்றது. மறுநாள்தான் போய் எடுத்து வந்தார்.

தோற்றவர் பாத்திரம் விளக்க வேண்டும் என்பதை அம்மா மறக்கவில்லை. ஆறையும் புளி போட்டுத் தேய்த்தார் அப்பா. அண்டாவுக்குள் பாதி இறங்கித் தேய்த்தபோது உள்ளேயிருந்து ஏதோ பேசினார். எதிரொலியில் சரியாகக் கேட்கவில்லை.

இந்த வருட ஆயுத பூஜைக்கும் ஃபைல்களை மூடினேன், பொட்டு வைத்தேன். ஆறாயிரம் கார்டைத் தொடவில்லை. அதில் இப்போது பில் போடுகிற தேதிக்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறேன். அக்கா என் பையை வாங்கித் திறந்து, கார்டு முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுண்டல் கொடுத்தார்.

இன்றைய நிலை இது. ஸ்கூட்டர் என் பெயரில் இருக்கிறது. பதினெட்டுத் தவணையில் பத்து கட்டியாகிவிட்டது, எட்டு பாக்கி. கார்டு ஒன்று, திறந்திருக்கிறது. அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன்.